பலர் புழங்கும் கணினியில் கணக்குக் கோப்பைக் காக்கும் முறை

கோத்தகிரிப் பக்கம் ஒரு பச்சைத் தேயிலைக் கொள்முதல் நிலையத்தில், லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் இயங்கும் ஒரே கணினியை எடை போடுபவர், கணக்கர், மேற்பார்வையாளர் ஆகிய மூவரும் பயன்படுத்துகின்றனர். சிறு விவசாயிகள் கொண்டுவரும் இலையின் எடை அன்றன்று ஒரு கோப்பில் ஏறுகிறது. மாத முடிவில் அதை வைத்துத்தான் பணம் பட்டுவாடா ஆகிறது. அந்தக் கணினியைப் பராமரிக்கும் நான், கோப்பு அனுமதிகளையும் செயல்முறைகளையும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களையும்) அந்த எடைக் கோப்பைக் கொண்டே விளக்குகிறேன். கட்டளைகளின் ஒலியை மட்டுமே இங்குத் தமிழில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்.

முதல் வேலை, மூவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் உருவாக்குவது. மூவரும் ஒரே பெயரில் நுழைந்தால், பின்வரும் எதற்கும் பொருளில்லை.

கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து 'எல்எஸ் -எல்' என்று தட்டினால், ஒவ்வொரு கோப்பின் வரிசையும் பத்து குறிகளுடன் தொடங்கும். முதல் குறி சிறு கோடாக இருந்தால் அது கோப்பு. 'டி' எழுத்தாக இருந்தால் அடைவு, அதாவது கோப்புகளை வைக்கும் ஃபோல்டர். மீதி ஒன்பதும் மூன்று மூன்றாக, முறையே உரிமையாளர், குழு, பிறர் ஆகியோருக்கு உரியவை. 'ஆர்' படிக்க, 'டபிள்யூ' எழுத, 'எக்ஸ்' இயக்க. இவற்றின் மதிப்பு முறையே 4, 2, 1. வேண்டியவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எடை போடுபவர் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்பதால் 6, மற்ற இருவரும் அடங்கிய குழு படித்தால் போதும் என்பதால் 4, பிறருக்கு 0. ஆகவே எடைக் கோப்புக்கு 'சிஎச்மோட் 640' என்ற கட்டளையே பொருத்தம். உரிமையாளரை மாற்ற 'சிஎச்ஓன்' கட்டளையையும் குழுவை மாற்ற 'சிஎச்ஜிஆர்பி' கட்டளையையும் நிர்வாகி உரிமையுடன் பயன்படுத்த வேண்டும்.

பலர் கவனிக்கத் தவறும் இடம் அடைவுதான். ஒரு கோப்பை அழிக்கலாமா என்பதை அந்தக் கோப்பின் அனுமதி தீர்மானிப்பதில்லை. அது இருக்கும் அடைவில் எழுதும் அனுமதியும் நுழையும் அனுமதியும் இருக்கின்றனவா என்பதே தீர்மானிக்கிறது. தொடக்கத்தில், கணக்கரால் கோப்பைத் திறக்க முடியவில்லை என்றதும், அவசரத்தில் அடைவு முழுவதற்கும் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், கொடுத்துவிட்டேன். ஒரு மாலை வேண்டாத கோப்புகளைக் களைந்த ஒருவர் எடைக் கோப்பையும் சேர்த்து அழித்துவிட, விவசாயிகளிடம் இருந்த ரசீதுகளை வாங்கி மூன்று நாள் எடையை மீண்டும் ஏற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அந்த அடைவுக்கு 750தான். அடைவில் 'எக்ஸ்' என்பது உள்ளே செல்லும் உரிமை. அது இல்லாவிட்டால் உள்ளிருக்கும் கோப்பின் அனுமதி எப்படியிருந்தாலும் அதை எட்ட முடியாது. யாருக்கேனும் கோப்பு திறக்கவில்லை என்றால் அவரைக் குழுவில் சேர்ப்பதே சரி. சேர்த்த பின் அவர் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும்.

ஏன் மீண்டும் நுழைய வேண்டும் என்பதில்தான் அனுமதி, செயல்முறை என்ற இரண்டு பாடங்களும் இணைகின்றன. கோப்பைத் தொடுவது மனிதர் அல்லர். அவர் பெயரில் ஓடும் செயல்முறை. நுழையும்போது அது பெற்ற பயனர் அடையாளத்தையும் குழுப் பட்டியலையும் பார்த்தே, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் அனுமதி தருகிறது, மறுக்கிறது.

மழைக்காலத்தில் மரம் சாய்ந்து மின்சாரம் போய், யுபிஎஸ் கத்திக்கொண்டிருக்கும் வேளையில் கணக்கு நிரல் உறைந்துபோனால், பொத்தானை அழுத்தி அணைக்கத்தான் கை போகும். அதற்கு முன் 'டாப்' என்று தட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு செயல்முறையின் எண், அதை இயக்கும் பயனர், நிலை, அது எடுக்கும் செயலி நேரம், நினைவகம் எல்லாம் அதில் தெரியும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, 'கில்' என்ற கட்டளையோடு தர வேண்டும். வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது 15ஆம் சமிக்ஞையை அனுப்பும். முடித்துக்கொள்ளச் சொல்லும் வேண்டுகோள் இது என்பதால், நன்கு எழுதப்பட்ட நிரல் திறந்த கோப்புகளை ஒழுங்காக மூடிவிட்டு வெளியேறும். சில நொடிகள் பொறுத்தும் அசையாவிட்டால் மட்டுமே 'கில் -9'. இதில் நிரலுக்கு எந்த வாய்ப்பும் இல்லை. பாதி எழுதிய வரி பாதியாகவே நிற்கும்.

நிலைப் பத்தியில் 'டி' (ஆங்கிலப் பெரிய எழுத்து D) என்று நீடித்து நின்றால், அந்தச் செயல்முறை பெரும்பாலும் வட்டு அல்லது பென்டிரைவின் பதிலுக்குக் காத்திருக்கிறது. பல வேளைகளில் 9 அனுப்பினாலும் உடனே போகாது. வட்டையோ பென்டிரைவையோதான் சோதிக்க வேண்டும். 'இசட்' என்றால் அது ஏற்கெனவே முடிந்துவிட்ட செயல்முறை. அதைத் தோற்றுவித்த தாய்ச் செயல்முறை கணக்கை முடிக்கும் வரை பட்டியலில் மட்டும் நிற்கும்.

பயனர் பத்தியையும் தவறாமல் பார்க்க வேண்டும். சாதாரணப் பயனர் தம் செயல்முறைகளை மட்டுமே நிறுத்த முடியும். முழு நிர்வாகி உரிமை கொண்ட 'ரூட்' கணக்கின் பெயரில் ஓடுவதற்கோ 640, 750 எதுவும் தடையாகாது. ஆகவே எடை நிரலின் எதிரே 'ரூட்' என்று தெரிந்தால், அதை உடனே மூடி, எடை போடுபவரின் பெயரிலேயே நுழைந்து மீண்டும் தொடங்க வேண்டும்.