வைரத்தின் வெப்ப ஏற்புத்திறனைக் கணக்கிட

மார்த்தாண்டத்தில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளை எடுத்தவுடனே ஐன்ஸ்டீன் சூத்திரத்தைத் தொட விடமாட்டேன். முதலில் வாயு மாறிலியை (8.314) 3-ஆல் பெருக்குங்கள்: 24.9 ஜூல். டூலாங்-பெட்டி விதிப்படி (1819) தனிமத் திடப்பொருளின் ஒரு மோலை ஒரு கெல்வின் சூடாக்க இவ்வளவு ஆற்றல் வேண்டும்; இதுதான் வெப்ப ஏற்புத்திறன். ஈயம் ஏறக்குறைய ஒத்துப்போகும். வைரமோ அறை வெப்பநிலையில் வெறும் 6!

அதிரும் அணு ஆற்றலைத் துண்டு துண்டாகத்தான் வாங்கும். வடசேரி சந்தையில் மட்டிப்பழத்தைக் குலையாக மட்டுமே தருவேன் என்றால், கையில் சில்லறை வைத்திருப்பவர் என்ன செய்வார்? வாங்காமல் திரும்புவார்; குலை பெரிசானால் அறை வெப்பநிலையில் அணுவுக்கும் பெரும்பாலும் அதே கதைதான். வைரத்தில் அணு லேசு, பிணைப்பு இறுக்கம்; அதனால் அதிர்வெண் அதிகம், குலையும் பெரிசு.

சரி, கணக்கு. அந்தக் குலையின் அளவை வெப்பநிலையாகச் சொல்வதுதான் ஐன்ஸ்டீன் வெப்பநிலை; 1907-இல் ஐன்ஸ்டீன் வைரத்துக்கு எடுத்தது சுமார் 1,320 கெல்வின். அதை அறை வெப்பநிலையான 298 கெல்வினால் வகுத்தால் 4.43, இதுதான் எக்ஸ். எக்ஸ் வர்க்கத்தை ஈ-யின் (e, சுமார் 2.718) எக்ஸ் அடுக்கால் பெருக்குங்கள். அதே அடுக்கு மதிப்பில் 1 கழித்து, வர்க்கமாக்கி, அதனால் வகுங்கள். (கால்குலேட்டரில் அடைப்புக்குறியை விட்டால் போச்சு.) பிறகு 24.9-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 6. மிகத் தாழ்ந்த வெப்பநிலைக்கு இது போதாது. அங்கே இயற்பியலாளர் பீட்டர் டிபையின் 1912 முறைக்குப் போங்கள்.