மலாவியில் மிஷனெரிக் குடும்பம்: வீட்டையும் விடுமுறையையும் ஒழுங்கு செய்துகொள்வது எப்படி

ஆப்பிரிக்கா என்று மொத்தமாகப் பேசினால் யாருக்கும் எதுவும் விளங்காது. ஆகவே கண்டத்தின் தென்கிழக்கில், ஒரு பெரிய ஏரியை ஒட்டி நீளவாக்கில் கிடக்கும் மலாவியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகளோடு அங்கே ஊழியத்துக்குப் போய்க் குடியேறுகிற குடும்பம் வீட்டை எப்படி நடத்துவது, ஓய்வை எப்போது, எங்கே எடுப்பது என்பதே இங்கே பேச்சு. பிரசங்கத்தையும் மொழியையும் பற்றி அனுப்பும் சபை பயிற்சி கொடுத்துவிடும். அடுப்படியையும் வாசல் திண்ணையையும் பற்றி அநேகமாக யாரும் சொல்லித்தருவதில்லை. அங்கே குடும்பத்தின் நாட்களை ஆளுபவை இரண்டு: ஒன்று மழை, மற்றொன்று வாசலில் வந்து நிற்கும் மனிதர்கள். இவ்விரண்டையும் வைத்துத் திட்டமிடுகிற வீடு நிலைத்து நிற்கும் என்பது என் துணிபு.

முதலில் ஆண்டைப் புதிதாக எண்ணப் பழகுங்கள். மழை நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நீடிக்கும். முதல் மழைக்கு மக்காச்சோளம் விதைத்து, ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை செய்வார்கள். சென்ற ஆண்டின் தானியம் தீர்ந்து புதியது வீடு வராத ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் கிராமத்தில் பசிக்காலம். மே முதல் ஆகஸ்ட் வரை குளிர். மேட்டு நிலங்களில் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை இல்லாமல் முடியாது. செப்டம்பரில் வெயில் ஏறத் தொடங்கி, அக்டோபரில் புழுக்கம் உச்சத்துக்குப் போய், மாங்காய் பழுக்கும் பருவத்தோடு மீண்டும் மழை வரும். சபைக் கூட்டம், பயிற்சி முகாம், வீட்டுச் செலவு, விடுமுறை எல்லாவற்றையும் இந்தச் சுற்றுக்குள் பொருத்தினால்தான் சுற்றியிருப்பவர்களோடு ஒட்டி வாழ முடியும். விதைப்பு வாரத்தில் மூன்று நாள் கருத்தரங்கு வைத்துவிட்டு, ஆள் வரவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

வாசல்

மலாவியில் விருந்தினர் கதவைத் தட்டுவதைவிட, சற்றுத் தள்ளி நின்று “ஓடீ!” என்று குரல் கொடுப்பதே வழக்கம். “ஓடீனி” என்று பதில் சொன்ன பிறகே அருகில் வருவார். “முலி ப்வான்ஜி?” என்று நலம் விசாரித்து, “ந்திலி ப்வினோ, காயா இனு?” என்று பதிலும் மறுகேள்வியும் முடிந்து, வீட்டார், பிள்ளைகள், பயிர் எல்லாம் விசாரித்தான பிறகுதான் வந்த காரியம் வெளியே வரும். கைகொடுக்கும்போது இடக்கையால் வலது முன்கையைத் தொட்டுக்கொள்வது மரியாதை. எதைப் பெற்றாலும் இரு கைகளாலும் பெற வேண்டும். “என்ன வேண்டும்?” என்று எடுத்த எடுப்பில் கேட்பது, கேட்பவர் எவ்வளவு கனிவானவராக இருந்தாலும், விரட்டுவதாகவே படும். இதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் கோன்டே எனப்படும் முன்திண்ணையில் ஒரு நீள பெஞ்சும் ஒரு குடம் குடிநீரும் போட்டு வையுங்கள். வருகிறவர் அமர இடம் இருந்தால், உள்ளே பாடம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை எழுப்ப வேண்டியிராது; வீட்டின் உள்ளறை குடும்பத்துக்கென்று மிஞ்சும்.

வாசலுக்கு வரும் உதவிக் கோரிக்கைகளும் மழையைப் பின்பற்றியே வருகின்றன. நவம்பரில் உரம், பள்ளி தவணை திறக்கும்போது கட்டணம், ஜனவரியில் மக்காச்சோளம், எந்த மாதத்திலும் மருத்துவமனைக்கு வண்டி அல்லது அடக்கச் செலவு. ஒவ்வொரு முறையும் மனம் போனபடி முடிவெடுத்தால், கணவன் இல்லை என்றதை மனைவி கொடுத்துவிடுவதும், அதனால் இருவருக்குள் மனத்தாங்கல் வருவதும் தவிர்க்க முடியாது. மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்குங்கள். எதற்குக் கடன், எதற்கு நன்கொடை, எதற்குச் சபை மூப்பர்கள் வழியாக மட்டும் என்பதை இருவரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஊர் நிலவரம் அறிந்த மூப்பர் ஒருவரின் யோசனை இதில் எந்தக் கையேட்டையும்விடப் பயன்படும். வீட்டு வேலைக்கும் இரவுக் காவலுக்கும் ஆள் வைப்பதை அங்கே ஆடம்பரமாகப் பார்ப்பதில்லை, வசதியுள்ள வீட்டின் கடமையாகவே எதிர்பார்க்கிறார்கள். சம்பளம், வார ஓய்வு, முன்பணம் ஆகியவற்றை எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது பின்னால் வரும் சங்கடத்தைத் தவிர்க்கும்.

தண்ணீர், விளக்கு, துணி

நாட்டின் மின்சாரத்தில் பெரும் பகுதி ஷிரே ஆற்று அணைகளிலிருந்து வருகிறது. 2022 ஜனவரியில் அனா புயல் கப்பிச்சிரா அணையை உடைத்தபோது நாடு பல மாதங்கள் மின்வெட்டில் தவித்தது. ஆதலால் சூரிய மின்தகடும் பேட்டரியும் முதல் மாதத்துச் செலவுக் கணக்கிலேயே இடம்பெற வேண்டும். சமையலுக்கு எரிவாயு அடுப்பு ஒன்றும், அது தீர்ந்தால் கைகொடுக்க ம்பவுலா எனப்படும் கரியடுப்பு ஒன்றும் இருக்கட்டும். கரியடுப்பை மூடிய அறைக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள், அதன் நச்சுப்புகை மணமின்றிக் கொல்லும். குடிநீரைக் கொதிக்க வைத்து, பீங்கான் வடிகட்டியில் ஊற்றி வைப்பது தினசரி வேலை. ஊர் அடிபம்பில் தண்ணீர் எடுப்பவர்கள் வரிசையில்தான் நீங்களும் நிற்க வேண்டும்.

துணி உலர்த்துவதில் புதியவர்கள் அறியாத ஆபத்து ஒன்று உண்டு. புட்ஸி ஈ என்று அங்கே சொல்லப்படும் ஒருவகை ஈ, வெளியே காயும் ஈரத்துணியில் முட்டையிடும். அந்தத் துணியை உடுத்தினால் பொரித்த புழு தோலுக்குள் நுழைந்து, முதலில் கொசுக்கடி போல அரித்து, சில நாளில் நடுவில் புள்ளியோடு கட்டியாக வீங்கும். கொடியில் காய்ந்த துணி ஒவ்வொன்றையும், உள்ளாடை, குழந்தையின் துணி, தலையணை உறை, துண்டு உட்பட, சூடான இஸ்திரிப் பெட்டியால் இரு பக்கமும், தையல் மடிப்புகள் மீது அழுத்தியும் தேய்த்தால் முட்டைகள் அழியும். மின்சாரம் இல்லாத நாளில் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. புழு இறங்கிவிட்டால் கட்டியின் மேல் வாசலின் தடவி மூச்சை அடைத்தால் அது மேலே வரும், பிறகு மெல்ல எடுத்துவிடலாம். உள்ளே இருக்கும்போதே பிதுக்கினால் புண் சீழ்பிடிக்கும்.

மலேரியாவை இதைவிடப் பத்து மடங்கு கவனமாக நடத்த வேண்டும். 1875இல் ஸ்காட்லாந்து மிஷனெரி மருத்துவர் ராபர்ட் லாஸ் முதலானோர் ஏரியின் தென்கரையில் கேப் மக்ளியரில் லிவிங்ஸ்டோனியா மிஷனைத் தொடங்கி, காய்ச்சலில் பலரைப் புதைத்துவிட்டு, 1881இல் பண்டாவேக்கும், 1894இல் கோண்டோவே மேட்டுக்கும் இடம் மாறினார்கள். கேப் மக்ளியரில் இன்றும் அந்தக் கல்லறைகள் இருக்கின்றன. மருந்தூட்டிய கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிவிட்டுத்தான் பிள்ளைகளைப் படுக்க வைக்க வேண்டும். தடுப்பு மாத்திரை எது, எத்தனை நாள் என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் கண்ட அன்றே இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்பது வேண்டாம். எல்.ஏ. என்று அழைக்கப்படும் கூட்டு மாத்திரை எல்லா மருத்துவ நிலையங்களிலும் அறிமுகமானது. உலகின் முதல் மலேரியாத் தடுப்பூசித் திட்டம் 2019 ஏப்ரலில் மலாவியில்தான் தொடங்கியது. ஆனால் அது வந்ததனால் வலையைச் சுருட்டி வைத்துவிட முடியாது.

சாப்பாடும் ஞாயிறும்

மக்காச்சோள மாவில் கெட்டியாகக் கிளறும் ந்ஸிமாதான் அங்கே சோறு. அதற்குத் தொட்டுக்கொள்ளக் கீரை, பீன்ஸ், சிறுமீன் என்று ஏதாவது ந்டிவோ வேண்டும். வலக்கையால் பிய்த்து உருட்டி, நடுவில் குழித்து, குழம்பை அள்ளிச் சாப்பிடுவது நமக்கு ஒரு நாளில் கைவரும். தமிழ் வீட்டுக்கு ஆறுதலான செய்தி, துவரை அங்கே நந்தோலோ என்ற பெயரில் ஏராளமாக விளைந்து இந்தியாவுக்கும் ஏற்றுமதியாகிறது. வடக்கே கரோங்காவில் விளையும் கிலோம்பெரோ அரிசி மணமானது. லிம்பேயிலும் தலைநகர் லிலோங்வேயின் பழைய நகரிலும் இந்திய வணிகர்களின் கடைகளில் மசாலா சாமான் வாங்கலாம். சமையல் மாறிவிடக்கூடாது என்று பெட்டி நிறையப் புளியும் மிளகாய்த்தூளும் கொண்டுபோவதைவிட, சந்தையில் பூசணிக்கீரையும் கடுகுக்கீரையும் வாங்கி வேர்க்கடலை மாவு சேர்த்துச் சமைக்கப் பக்கத்து வீட்டம்மாவிடம் கற்றுக்கொள்வதே நல்லது.

ஞாயிறு ஆராதனை இரண்டு மூன்று மணி நேரம் நீளும். பாடகர் குழு ஒன்றுக்குப் பின் ஒன்றாக எழுந்து பாடும். சிறுபிள்ளைகளுக்குத் தண்ணீரும் வாழைப்பழமும் பையில் இருக்கட்டும். பெண்கள் முழங்காலுக்குக் கீழே இறங்கும் உடையும், அதன் மேல் சிட்டென்ஜேத் துணியும் சுற்றிக்கொள்வார்கள். வெளி கிராமத்தில் பிரசங்கித்தால், புறப்படும் வேளையில் கால்களைக் கட்டிய கோழியோ பூசணிக்காயோ கொடுப்பார்கள். கொடுப்பவரின் வறுமையை எண்ணி மறுக்கத் தோன்றும், மறுக்காதீர்கள். மாலிரோ எனப்படும் துக்க வீட்டுக்குப் போகத் தவறுவது வேறு எந்தக் குறையையும்விடப் பெரிதாகப் பேசப்படும். பெண்கள் உள்ளே பாயில் உடலைச் சுற்றித் தரையிலும், ஆண்கள் வெளியே மரத்தடியிலும் அமர்ந்திருப்பார்கள். நீங்களும் அவரவர் இடத்தில் போய் அமருங்கள். பேசச் சரளமாக வராவிட்டாலும், அமர்ந்திருந்த நேரம் கணக்கில் வரும்.

பள்ளியைப் பற்றிச் சுருக்கமாக: பெருநகரங்களில் சர்வதேசப் பள்ளிகள் உண்டு, கட்டணம் கடுமையானது, கிராமத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே பாடம் நடத்துகிறார்கள். வீட்டுப் பாடமானால் காலை நேரத்தில் வாசலைக் கவனிப்பவர் ஒருவர், பாடம் நடத்துபவர் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

விடுமுறை

அரசு விடுமுறைப் பட்டியலில் ஜனவரி 15 ஒரு போதகரின் நாள். அமெரிக்காவில் படித்துத் திரும்பி, சிராட்ஸுலுவில் பிராவிடன்ஸ் இண்டஸ்ட்ரியல் மிஷனை நிறுவிய ஜான் சிலெம்ப்வே, 1915இல் தோட்டக் கொடுமைக்கும் போருக்கு ஆள் பிடிப்பதற்கும் எதிராகக் கிளர்ந்தெழுந்து சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது ஆட்கள் தாக்கிய மகோமெரோ தோட்டம் ஸ்காட்லாந்து மிஷனெரி டேவிட் லிவிங்ஸ்டனின் மருமகன் வழிக் குடும்பத்துடையது. வெளிநாட்டு மிஷனெரியைப் பற்றி அந்நாட்டார் நெஞ்சில் நன்றியும் கசப்பும் சேர்ந்தே இருப்பதற்கு இது ஒரு காரணம். அன்றைக்கு ஏரிக்குப் போகாமல், பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லி, ஊரோடு இருப்பது பொருத்தம். ஏரியின் தென்முனையில், மங்கோச்சிப் பக்கம், யாவோ மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அங்கே குடியிருந்தால் ஈகைத் திருநாளுக்கு அயலார் வீட்டுக்குப் போய்வாருங்கள்.

கிறிஸ்துமஸ் விதைப்பின் நடுவே வருகிறது. ஆராதனை முடிந்து அன்று பிற்பகலே வயலுக்குப் போகிறவர்கள் இருப்பார்கள், பலர் வீட்டில் தானியம் குறைந்திருக்கும். வாசலில் விளக்குத் தோரணமும் உள்ளே தனி விருந்துமாகக் கொண்டாடுவது அந்தச் சூழலில் உறுத்தும். ஒரு பெரிய பானை சோறும் கோழிக்குழம்பும் வைத்துத் திண்ணையில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, குடும்பத்துக்கான பரிசுகளை இரவில் உள்ளே வைத்துக்கொள்ளலாம். குடும்பமாக வெளியே போகும் நீண்ட விடுமுறையை, என் கருத்தில், அறுவடைக்குப் பின் ஜூன், ஜூலையிலோ, வெயில் கொளுத்தும் செப்டம்பர், அக்டோபரிலோ வைப்பதே சரி. ஊருக்குள் வேலை குறைவு, சாலைகளும் காய்ந்திருக்கும். அறுவடைக்குப் பிந்திய அம்மாதங்களில் செவா மக்களின் குலே வாம்குலு முகமூடி ஆட்டக்காரர்கள் வழியில் எதிர்ப்படலாம். வண்டியை மெதுவாக்கிக் கடந்து செல்லுங்கள், கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

ஜூன், ஜூலை என்றால் மலைக்கும் காட்டுக்கும் போகலாம். பிளான்டயரிலிருந்து சுமார் 65 கி.மீ. தொலைவில் உள்ள ஸோம்பா மேட்டுநிலம் சிறுபிள்ளைகளோடு நடக்க ஏற்றது. 3,002 மீட்டர் உயரமுள்ள சபிட்வா சிகரத்தைக் கொண்ட முலான்ஜே மலையில் வளர்ந்த பிள்ளைகள் குடிலில் தங்கி ஏறலாம். லிவொண்டே தேசியப் பூங்காவில் யானைகளையும் நீர்யானைகளையும் படகிலிருந்து பார்க்கலாம். அந்தக் குளிர்மாதங்களில் ஏரியில் ம்வேரா என்னும் தென்கிழக்குக் காற்று அடித்து அலை எழுப்புவதால் சிறு படகுப் பயணம் வேண்டாம். ஏரிக்கு ஏற்றது செப்டம்பர், அக்டோபர். லிலோங்வேயில் இருப்பவர்களுக்கு ஏரிக்கரைச் சலிமா சுமார் 100 கி.மீ.தான்.

புறப்படும் முன் எரிபொருளை நிரப்பிவிடுங்கள். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் பெட்ரோல் வரிசை திடீரென நீளும் நாடு அது. 2023 நவம்பரில் அந்நாட்டு நாணயமான குவாச்சாவின் மதிப்பை ஒரே நாளில் 44 சதவீதம் குறைத்ததை நினைத்தால், தங்குமிடத்துக்கு முன்பணம் கட்டும்போதும் விலையை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இருட்டிய பின் வண்டி ஓட்டாதீர்கள். விளக்கில்லாத மிதிவண்டிகளும் ஆடுகளும் சாலையில் இருக்கும். காவல்காரரிடம் சாவியோடு, நீங்கள் இல்லாதபோது துக்கமோ நோயோ வந்தால் எந்த மூப்பரைப் பார்ப்பது என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஏரியில் நாணல் அடர்ந்த கரையோரத்திலும் ஆறு கலக்கும் முகத்துவாரத்திலும் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். முன்னதில் நத்தைகள் வழியே பரவும் பில்ஹார்சியா ஒட்டுண்ணி இருக்கும், பின்னதில் முதலை இருக்கும். மணற்கரையில் குளித்தாலும் ஒட்டுண்ணி இல்லையென்று உறுதி சொல்ல முடியாது. கடைசியாக நீரில் இறங்கிய நாளிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து பிராசிகுவாண்டெல் மாத்திரை எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். முன்னதாக எடுத்தால் இளம் ஒட்டுண்ணிகளுக்கு அது உறைக்காது. அளவு உடல் எடையைப் பொறுத்தது என்பதால் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்து மருத்துவ நிலையத்தில் கேட்டுக்கொண்டு, ஊர் திரும்பிய அன்றே அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.