ஸ்வீடனில் பிஎச்டியா? காய்ச்சலைப் பதிவு செய்துவிடுங்கள்

ஸ்வீடனில் சம்பளம் வாங்கும் பிஎச்டி ஆய்வாளராக இருந்தால், காய்ச்சலில் படுத்த முதல் நாளே முறையாக சிக் லீவ் போட்டுவிடுங்கள். போர்வைக்குள் இருந்தபடி ரெண்டு மெயில் அனுப்பிவிட்டு, அதையும் வேலை நாளாக எழுதாதீர்கள்.

அங்கே பிஎச்டி என்பது 4 வருட முழுநேரக் கணக்கு. நோயாலோ குழந்தைக்கான விடுப்பாலோ இழந்த காலத்துக்கு ஈடாகப் பணியை நீட்டித்துத் தர விதியில் இடம் இருக்கிறது. பதிவில் இல்லாத காய்ச்சல் வராத காய்ச்சல்தான். கடைசி வருடத்தில் ஆய்வேட்டோடு மல்லுக்கட்டும்போது ஒவ்வொரு வாரமும் பெரிதாகத் தெரியும். ஆண்டு விடுமுறையில் படுத்துவிட்டாலும் உடனே தெரிவியுங்கள். அந்த நாட்களை விடுமுறைக் கணக்கில் கழிக்க வேண்டாம் என்று கேட்க உரிமை உண்டு. பலருக்கு இது தெரிவதே இல்லை.

முதல் நாள் மட்டும் கையைக் கடிக்கும். ‘காரென்ஸ்’ என்ற பிடித்தம் போக அன்றைக்கு ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. அப்புறம் 14ஆம் நாள் வரை 80 சதவீதச் சம்பளம். தேறிய 5 நாட்களுக்குள் மறுபடி படுத்தால் திரும்பப் பிடிக்க மாட்டார்கள். 8ஆம் நாளிலிருந்து மருத்துவச் சான்று வேண்டும்.

உதவித்தொகையில் ஆய்வு செய்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் ஊழியர் கணக்கில் வராததால் நோய்க்காலச் சம்பளம் கிடையாது. உதவித்தொகையின் நிபந்தனைகளைத்தான் பார்க்க வேண்டும்.