பல்லு புடுங்கப் போறியளா, ஊசிய பத்தி கேட்டுக்கிடுங்க

பாளையங்கோட்டைல எங்க அத்தைக்கு கீழ் கடவாப்பல்லு எடுக்கப் போனோம், வழக்கமா போடுத லிக்னோகைன் 2 சதவீத ஊசி போட்டு உதடெல்லாம் மரத்துட்டு ஆனா பல்லு மட்டும் சுள்ளுனு இழுத்துக்கிட்டே இருந்துச்சு, பொறவு டாக்டர் ஆர்ட்டிகைன்னு இன்னொரு மரப்பு மருந்து, 4 சதவீதம், ஈறுல போட்டாவ, அடங்கிட்டு. அது எலும்புக்குள்ள நல்லா ஊறுமாம். விலைதான் கூட. மேல்பல்லுக்கு பெரும்பாலும் லிக்னோகைனே போதும்.

சீழ் வச்ச பல்லுக்கு எந்த ஊசியும் சரியா கேக்காது, வீங்குததுக்கு முன்னாலயே போயிருங்க. இந்த ரெண்டு ஊசிலயுமே பெரும்பாலும் அட்ரினலின் (ரத்தக்குழாய சுருக்குத மருந்து) கலந்துருப்பாவ, அதனால பிபி, ஹார்ட்டுக்கு மாத்திரை போடுதவங்க மொதல்லயே சொல்லிருங்க.

மரப்பு மூணு நாலு மணி நேரம் கூட நிக்கும், அதுவரை சூடா அல்வா, காப்பி எதுவும் வேண்டாம், சின்னப் புள்ளைய உதட்ட கடிச்சு வச்சிரும் பாத்துக்கிடுங்க.