நாலு கிக்குக்கு மேல மூண்டு, அஞ்சு, ஏழு ஓட விடுறது எப்பிடி

முதல்ல ஒண்டு, டான்ஸ் பாட்டில காலுக்கு 'டும் டும்' எண்டு விழுற அடிதான் கிக், அதில கை வைக்காதேங்கோ. நான் கிக், பேஸ், ஹைஹெட் ('ட்சிக்' எண்ட சிம்பல் சத்தம்) எல்லாத்தையும் 7/8ல (சுத்து ஒண்டுக்கு ஏழு எண்ணிக்கை) போட்டு வெள்ளவத்தையில ஒரு பிறந்தநாள் பார்ட்டியில அடிச்சன், ஆடிக்கொண்டு நிண்ட சனம் ரெண்டு நிமிஷத்தில ரோல்ஸ் தட்டுப் பக்கம் போயிட்டுது. காலுக்கு 4 வேணும், மேல என்னத்தையும் ஓட விடலாம்.

சொப்ட்வெயாரத் திறக்க முதல் வாயால சொல்லிப் பாருங்கோ. தகிட எண்டா 3, தகதிமி 4, தகதகிட 5, தகிட தகதிமி 7. கோயில்ல தவில் கேட்டு வளந்த ஆக்களுக்கு இது புதுசில்ல. காலால நாலு தட்டுங்கோ, ஒரு தட்டுக்கு நாலு எழுத்து விழுற மாதிரி தகிட தகிட எண்டு விடாமச் சொல்லுங்கோ. முதல் தட்டு 'த'வில விழும், ரெண்டாவது 'கி'யில, மூண்டாவது 'ட'வில, நாலாவது திரும்பவும் 'த'வில. அந்த வழுக்கலைத்தான் நாங்க தேடுறம்.

இப்ப பாட்டுச் செய்யுற சொப்ட்வெயார், ஏபிள்டனோ எஃப்எல் ஸ்டூடியோவோ, திறந்து டெம்போ 120 (நிமிஷத்துக்கு 120 அடி), பார் (தாளத்தின்ர ஒரு சுத்து) ஒண்டுக்கு 16 ஸ்டெப், கிக் 1, 5, 9, 13ல. தந்தியத் தட்டின மாதிரி ஒரு குட்டி ப்ளக் சவுண்ட் எடுத்து 3 ஸ்டெப் நீளத்துக்கு மட்டும் லூப் பண்ணுங்கோ. 48 ஸ்டெப்புக்கு ஒருக்கா, அதாவது 3 பாருக்கு ஒருக்கா, லூப்பின்ர தொடக்கமும் பாரின்ர தொடக்கமும் சேரும். 5 ஸ்டெப் லூப் எண்டா 5 பார், 7 எண்டா 7 பார், இந்த டெம்போவில 14 செக்கன். ஆனா டான்ஸ் பாட்டு நாலு நாலு பாராத்தான் மூச்சு விடும், அதால 4 பாருக்குள்ள 20 தகிட போட்டு கடைசியில ஒரு தகதிமி வச்சா சரியா 64, மிருதங்கக்காரர் தீர்மானம் (முடிப்புச் சொல்) வச்சு சமத்துக்கு (தாளத்தின்ர முதல் அடிக்கு) வாறமாதிரி அடுத்த கிக்கில வந்து இறங்கும். ட்ரொப்ப, அதாவது பாட்டு உச்சத்தில வெடிக்கிற இடத்த, அங்க வையுங்கோ.

இப்பிடி வேற வேற நீளச் சுத்துகள் ஒண்டுக்கு மேல ஒண்டு ஓடுறதுக்குப் பேர் பொலிமீட்டர், கனபேர் பொலிரிதம் எண்டு மாறிச் சொல்லுவினம். பொலிரிதம் எண்டா அதே ஒரு பாருக்குள்ளயே 4ம் 3ம் சமனாப் பிரியுறது: பாரை 12ஆப் பிரிச்சு கிக் 1, 4, 7, 10லயும் சின்த் (மேல ஓடுற சவுண்ட்) 1, 5, 9லயும். கிரிட்ட (ஸ்டெப் கட்டங்கள) ட்ரிப்ளெட்டுக்கு, அதாவது அடி ஒண்டுக்கு மூண்டு கட்டமா, மாத்தாட்டி இது வராது. கலியாண வீட்டுப் பைலாவுக்கு ஆடின உடம்புக்கு 6/8 பழக்கம்தானே, பயப்பிடாதேங்கோ.

சோம்பேறி வழியும் இருக்கு, டிலேய டொட்டட் எய்த்ல வையுங்கோ, 3 ஸ்டெப்புக்கு ஒருக்கா எதிரொலி வரும், பாதி வேலை முடிஞ்சுது.

7/8 வேணும் எண்டு அடம்பிடிச்சா மிஸ்ர சாபு தாளம் மாதிரி 3+2+2 எண்டு பிரிச்சு, 14 ஸ்டெப்பில 1, 7, 11ல கிக் போடலாம். எனக்கெண்டா கிக்க நேராவே ஓட விடுறதுதான் பிடிக்கும், 14 ஸ்டெப் பார் ரெண்டுக்கு 7 கிக் விழுந்து தானாச் சேரும்.

பேஸ் எப்பவும் கிக்கோட நிக்கட்டும், வழுக்குறதெல்லாம் மேல் சவுண்டுகள். தொடக்கத்திலயும் முடிவிலயும் 16 பார் வெறும் கிக்கும் ஹைஹெட்டும் விடுங்கோ, இல்லாட்டி டீஜே மிக்ஸ் பண்ணேக்க உங்களத்தான் திட்டுவார்.