பைக் கடனை முன்கூட்டியே அடைப்பது எப்படி: டியூ கணக்கு முதல் ஆர்.சி.யில் ஹெச்.பி. (ஃபைனான்ஸ் கடன் பதிவு) நீக்குவது வரை

சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கும், அல்லது போனஸ் வந்திருக்கும். பைக்குக்கு இன்னும் ஒன்றரை வருஷ டியூ பாக்கி. மாதாமாதம் ஐந்தாம் தேதி வந்தால் அக்கவுண்டில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதற்கு, மொத்தமாகக் கட்டி முடித்துவிடலாமே என்று தோன்றும். முடிக்கலாம். ஃபைனான்ஸ்காரர்கள் இதைத்தான் ப்ரீ-குளோஸ் அல்லது ஃபோர்குளோஷர் என்கிறார்கள்.

ஆட்கள் சறுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, எவ்வளவு கட்டவேண்டியிருக்கும் என்ற கணக்கு. இன்னொன்று, பணம் கட்டிய பிறகு செய்யவேண்டிய வேலை. இந்த இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நடுவில் இருப்பது சுலபம்தான்.

1. முதலில் அந்தக் காகிதக் கட்டைத் தேடி எடுங்கள்

ஷோரூமில் வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டே பத்து இடத்தில் கையெழுத்துப் போட்டோமே, அந்தக் கட்டு. 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு வாங்கிய கடன் என்றால் தேடுவது சுலபம். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்று ஒரு தாள் தந்திருக்க வேண்டும். உண்மையான வருட வட்டி, முன்கூட்டி முடித்தால் என்ன கட்டணம் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். காகிதம் கிடைக்கவில்லையா, நிறுவனத்தின் ஆப்பிலோ கிளையிலோ கேட்டு வாங்குங்கள்.

அதில் மூன்று விஷயம் பாருங்கள். குறைந்தது இத்தனை டியூ கட்டிய பிறகுதான் முடிக்கலாம் என்று நிபந்தனை இருக்கிறதா? கட்டணம் எத்தனை சதவீதம்? வட்டி கடைசி வரை மாறாத ஃபிக்ஸட்டா, இடையில் ஏறி இறங்கும் ஃப்ளோட்டிங்கா?

மூன்றாவதை ஏன் கேட்கிறேன் என்றால், "இப்பல்லாம் ப்ரீ-குளோஸுக்குச் சார்ஜ் கிடையாதாமே" என்று ஒரு பேச்சு உலவுகிறது. பாதி உண்மை. 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் ஃப்ளோட்டிங் வட்டிக் கடனை, தொழில் அல்லாத தேவைக்குத் தனிநபர் வாங்கியிருந்தால், வங்கிகள் இந்தக் கட்டணம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூலையில் அறிவித்தது. பைக் கடனோ பெரும்பாலும் ஃபிக்ஸட் வட்டியில்தான் கொடுக்கப்படுகிறது. அதற்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

2. பாதி டியூ கட்டினால் பாதிக் கடன் தீராது

ஒரு உதாரணக் கணக்கு. 80,000 ரூபாய் கடன், மூன்று வருஷம், "பத்து பர்சன்ட் வட்டிதான் சார்" என்று ஷோரூமில் சொன்னார்கள். அவர்கள் சொன்னது ஃப்ளாட் ரேட். வருஷத்துக்கு 8,000 வீதம் மூன்று வருஷத்துக்கு 24,000 வட்டி, ஆக மொத்தம் 1,04,000. அதை 36-ஆல் வகுத்தால் மாத டியூ 2,889 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு 80,000-க்கும் போட்டது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மையான வட்டி கிட்டத்தட்ட 18 சதவீதம்.

சரி, 18 டியூ கட்டியாயிற்று. சரிபாதி. பாக்கி அசல் 40,000 இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஃபோன் போட்டால், 45,300 என்கிறார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று கோபம் வரும். ஏமாற்றவில்லை. ஆரம்ப மாதங்களில் அசல் பெரிதாக இருப்பதால் நாம் கட்டும் டியூவில் வட்டி அதிகம் போகிறது, அசல் கொஞ்சம்தான் கழிகிறது. கடைசி மாதங்களில் இது தலைகீழாகும்.

இப்போது முடித்தால் லாபமா? மீதி 18 டியூவைக் கட்டிக்கொண்டே போனால் 52,000. இப்போதே முடித்தால் 45,300. வட்டியில் மிச்சம் 6,700. கட்டணம் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், 1,812. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 326. இரண்டையும் கழித்தால் கையில் நிற்பது சுமார் 4,560 ரூபாய். முடிக்கலாம்.

அதே ஆள் 12 டியூ கட்டியதுமே முடித்திருந்தால் மிச்சம் கிட்டத்தட்ட 8,700. ஆனால் 30 டியூ கட்டிவிட்டு, ஆறே டியூ பாக்கி இருக்கும்போது முடிக்கிறார் என்று வையுங்கள். வட்டியில் மிச்சமாவது 870 ரூபாய், கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் 777. நூறு ரூபாய்கூட மிஞ்சாது. அதற்காக அலையாதீர்கள். கட்டணம் அதிகமாக இருந்தால் நஷ்டம்கூட ஆகலாம். வண்டியை உடனே விற்கவேண்டும் என்பது போன்ற காரணம் இருந்தால் மட்டும் கடைசி நேரத்தில் முடியுங்கள்.

3. ஃபோர்குளோஷர் லெட்டர் கேளுங்கள்

வாய்மொழியாகச் சொன்ன தொகையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஆப்பிலோ, மெயிலிலோ, கிளையிலோ ஃபோர்குளோஷர் லெட்டர் கேட்டு வாங்குங்கள். பாக்கி அசல், அன்றைய தேதி வரை வட்டி, கட்டணம், ஜி.எஸ்.டி., பழைய செக் பவுன்ஸ் பாக்கி என்று தனித்தனியாக இருக்கும். அந்தத் தொகை எந்தத் தேதி வரை செல்லும் என்றும் போட்டிருக்கும். அது தாண்டினால் நாள் வட்டி ஏறும், புது லெட்டர் வாங்கவேண்டும்.

தாமத அபராதம் என்ற வரியை மட்டும் கூர்ந்து பாருங்கள். அபராதத்தை வட்டியாகப் போட்டு, அதை அசலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போடுவது கூடாது என்று 2023-இல் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கணக்கு இடித்தால் விளக்கம் கேளுங்கள். கடனோடு சேர்த்து இன்சூரன்ஸ் ஏதாவது தலையில் கட்டியிருந்தால், மீதிக் காலத்துக்கு பிரீமியம் திரும்ப வருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கேட்காமல் யாரும் சொல்லமாட்டார்கள்.

4. பணம் கட்டும் நாள்

டியூ தேதிக்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் முடிக்காதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஐந்தாம் தேதி டியூ. இரண்டாம் தேதி மொத்தத்தையும் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஐந்தாம் தேதி காலையில், "உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது" என்று மெசேஜ். நாச் முறையில் (மாதாமாதம் கணக்கிலிருந்து டியூ தானாகவே எடுக்கும் ஏற்பாடு) வங்கிக்குக் கோரிக்கை முன்னமே போய்விட்டிருக்கிறது. பணம் திரும்பி வர மூன்று வாரம் ஆனது, நாலு ஃபோன் ஆனது. டியூ எடுத்து இரண்டு மூன்று நாள் கழித்து முடிப்பதுதான் நல்லது.

பணம் நிறுவனத்தின் ஆப், இணையதளம் அல்லது கிளை வழியாக உங்கள் லோன் நம்பருக்கே போகவேண்டும். வசூலுக்கு வரும் தம்பி, "என் நம்பருக்கு ஜிபே பண்ணுங்கண்ணே, நான் கட்டிடறேன்" என்றால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். நல்ல பையனாகவே இருக்கலாம். ஆனால் ரசீது அவன் பெயரில் இருக்கும், கடன் உங்கள் பெயரில் இருக்கும்.

கட்டிய பிறகு கணக்கு 'குளோஸ்டு' என்று மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உங்கள் வங்கியில் நாச் ஒப்புதலை ரத்து செய்யுங்கள். கணக்கு மூடும் முன்பே ரத்து செய்தால் பவுன்ஸ் கட்டணம் வரலாம்.

5. என்.ஓ.சி., படிவம் 35, இரண்டாவது சாவி

நிறுவனத்திடமிருந்து வரவேண்டியவை: பாக்கி இல்லை என்ற சான்று, ஆர்.டி.ஓ.வுக்கான என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்), கடன் ஒப்பந்தம் முடிந்தது என்று அவர்கள் கையெழுத்தும் முத்திரையும் போட்ட படிவம் 35 இரண்டு பிரதி. முதலில் வாங்கி வைத்த வெற்று செக்குகள், ஆர்.சி., மாற்றுச் சாவி எதுவும் அவர்களிடம் இருந்தால் அதுவும். முழுப் பணமும் கட்டிய 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தரவேண்டும், அவர்கள் தரப்பில் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, 2023 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. இழுத்தடித்தால் இதைக் குறிப்பிட்டு ஒரு மெயில் போடுங்கள். 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) இணையம் வழியாகப் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

கவர் வந்ததும் அங்கேயே பிரித்துப் பாருங்கள். பெயர், வண்டி எண், சேஸிஸ் எண் மூன்றும் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். சேஸிஸ் எண்ணில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள்.

6. ஆர்.சி.யிலிருந்து ஃபைனான்ஸ் பெயரை நீக்குவது

பெரும்பாலானவர்கள் என்.ஓ.சி.யோடு நின்றுவிடுகிறார்கள். என் தங்கை வீட்டுக்காரரும் அப்படித்தான். நாலு வருஷம் கழித்து வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுக்கப் போனபோது, கடைக்காரர் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், ஹெச்.பி. இன்னும் இருக்கே" என்றாராம். பீரோவில் இருந்த என்.ஓ.சி.யை எடுத்துப் பார்த்தால் '90 நாட்களுக்கு மட்டும் செல்லும்' என்று கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. மறுபடி ஃபைனான்ஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுதி, பணம் கட்டி, புது என்.ஓ.சி. வாங்கினார். கையில் வந்த வாரமே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகன் இணையதளத்தில் வாகன சேவைகளுக்குள் போய், வண்டி எண்ணைக் கொடுத்து, தமிழ்நாட்டையும் உங்கள் ஆர்.டி.ஓ.வையும் தேர்ந்தெடுங்கள். சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளைக் கேட்கும். பிறகு பதிவான மொபைலுக்கு ஓ.டி.பி. போகும். இங்கேதான் பலர் மாட்டுவார்கள். பதிவு செய்யும்போது ஷோரூம்காரர்கள் அவர்கள் நம்பரையே போட்டு வைத்திருப்பார்கள். அப்படியென்றால் முதலில் மொபைல் எண் மாற்றும் சேவையைப் பயன்படுத்திச் சரிசெய்துகொண்டு வாருங்கள்.

உள்ளே போனதும் 'ஹைப்பாதிகேஷன் டெர்மினேஷன்' (ஹெச்.பி. நீக்கம்) என்ற சேவையைத் தேர்ந்தெடுத்து, என்.ஓ.சி., படிவம் 35, ஆர்.சி., நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றை ஏற்றி, திரையில் காட்டும் கட்டணத்தைக் கட்டுங்கள். இன்சூரன்ஸோ புகைச் சான்றோ காலாவதியாகியிருந்தால் அதை முதலில் புதுப்பித்துவிடுங்கள். சில நிறுவனங்கள் என்.ஓ.சி.யை நேரடியாக அந்தத் தளத்திலேயே ஏற்றிவிடுகின்றன, அப்போது வேலை குறையும். அசல் ஆவணங்களோடு வரச் சொன்னால் விண்ணப்ப நகலையும் கட்டண ரசீதையும் எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போகவேண்டும். வாசலில் புரோக்கர்கள் கேட்பார்கள். படிவம் சரியாக இருந்தால் அவர்கள் தேவையே இல்லை.

புது ஆர்.சி. ஸ்பீடு போஸ்டில் வீட்டுக்கு வரும், அதனால் முகவரி சரியாக இருக்கட்டும்.

7. மிச்சம் இரண்டு சின்ன வேலை

ஒன்று, கிரெடிட் ரிப்போர்ட். ஒன்றரை மாதம் கழித்து சிபில் இணையதளத்தில் பாருங்கள், வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். இந்தக் கடனுக்கு எதிரே 'குளோஸ்டு' என்று இருக்கவேண்டும். 'செட்டில்டு' என்று இருந்தால் முழுத் தொகை கட்டாமல் பேசி முடித்த கடன் என்று அர்த்தமாகிவிடும், நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போகும்போது கேள்வி வரும். ஃபோர்குளோஷர் ரசீதை இணைத்து அங்கேயே திருத்தம் கேட்கலாம்.

இன்னொன்று இன்சூரன்ஸ். பாலிசியிலும் ஃபைனான்ஸ் பெயர் ஏறியிருக்கும். புது வண்டிக்கு ஐந்து வருஷ தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் 2018 செப்டம்பர் முதல் கட்டாயம் என்பதால், கடன் முடிந்த பிறகும் அதே பாலிசிதான் ஓடிக்கொண்டிருக்கும். திருட்டுக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்திருந்து வண்டி திருடுபோனால், இழப்பீட்டுத் தொகையில் ஃபைனான்ஸ் நிறுவனத்துக்குத்தான் முதல் உரிமை என்று பாலிசி சொல்லும், நீங்கள் கடன் தீர்த்ததை நிரூபித்துக்கொண்டு அலையவேண்டியிருக்கும். புது ஆர்.சி.யின் படத்தையும் என்.ஓ.சி.யையும் இணைத்து இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒரு மெயில் அனுப்பினால், அந்தப் பெயரை நீக்கி என்டார்ஸ்மென்ட் (பாலிசித் திருத்தத் தாள்) அனுப்புவார்கள்.