இடக்கையால் ஆசீர்வதித்த கிறிஸ்து: ஆலய மொசைக்கில் செய்யக்கூடாத தவறுகள்

மொசைக் என்றால் நமக்குத் தரைதான். ஒரு காலத்தில் ‘மொசைக் போட்ட வீடு’ என்று சொல்லிக்கொள்வதே ஒரு பெருமை. மெஷின் வைத்துத் தேய்த்து, ஆக்ஸாலிக் ஆசிட் போட்டு, முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் ஏற்றிய தரை. அந்தப் பழக்கத்தோடு ஆர்த்தடாக்ஸ் ஆலய மொசைக்கைப் பார்க்கப் போனால் முதல் அடியே சறுக்கும். அங்கே மொசைக் என்பது சுவரில், வளைவில், குவிமாடத்தில், தலைக்கு மேலே இருப்பது. ரோமானியர்கள் தரையில் பரப்பி வளர்த்த கலைதான் அது. கிறிஸ்தவம் அதைச் சுவரில் ஏற்றிவிட்டது. தரையில் கொடி, மீன், மயில் போடலாம். ஆனால் கிறிஸ்துவின் அடையாளத்தைத் தரையில் பொறிக்கக்கூடாது என்று பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் 427-லேயே சட்டம் போட்டார். கான்ஸ்டான்டினோப்பிளில் (இன்றைய இஸ்தான்புல்) 692-இல் கூடிய ஆயர்கள் சங்கம் அதையே சிலுவைக்கும் சொன்னது: காலில் மிதிபடும் இடத்தில் சிலுவை கூடாது, இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இங்கே ஆர்த்தடாக்ஸ் என்று நான் சொல்வது கிரேக்க, ரஷ்ய, செர்பிய சபைகளின் பைசாந்திய மரபை, அதாவது கிழக்கு ரோமப் பேரரசில் வளர்ந்த மரபை. கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை வேறு கிளை, 451-ஆம் ஆண்டுச் சங்கத்தை ஒட்டிப் பிரிந்தது.

நான் அந்தப் பைசாந்திய மரபுச் சபையைச் சேர்ந்தவனும் இல்லை, முழுநேர மொசைக் கலைஞனும் இல்லை. இத்தாலியின் ராவென்னாவில் ஒரு வாரப் பயிற்சிக்குப் போனேன். திரும்பும்போது ஒரு சுத்தியலும் ஒரு பை கண்ணாடிச் சில்லும் வாங்கி வந்தேன். அதன்பிறகு செய்த தவறுகள்தான் என் தகுதி. ஒன்று மட்டும் புரிந்தது. இந்த வேலையில் பக்திக் குறை, கைவேலைக் குறை என்று இரண்டு தனித்தனியாக இல்லை. அவசரம், பெருமை, கவனச் சிதறல் எதுவானாலும் கடைசியில் ஒரு சில்லு தப்பாக உட்கார்ந்திருக்கும்.

மட்டம் பார்ப்பது

பயிற்சியில் எங்களுக்குக் கொடுத்தது நீற்றிய சுண்ணாம்பு பரப்பிய ஒரு பலகை. அதில் கிறிஸ்துவின் தலைக்குப் பின்னுள்ள ஒளிவட்டத்தின் ஒரு துண்டைப் பார்த்துச் செய்ய வேண்டும். தங்கச் சில்லு என்பது தங்க நிறம் பூசியது அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் தங்க ரேக்கு, அதன் மேல் மெல்லிய இன்னொரு கண்ணாடி, மூன்றையும் சூளையில் ஒன்றாக்கியது. ரேக்கு உள்ளே பத்திரமாக இருப்பதால்தான் ராவென்னாவில் 547-இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விட்டாலே ஆலயத்தின் தங்கம் இன்றும் மின்னுகிறது.

காலை முழுக்க உட்கார்ந்து ஆறு வரிசை ஒட்டினேன். ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்கும், அவ்வளவு சமம். மதியம் வந்த ஆசிரியை, எங்கள் பாட்டி வயது இருக்கும், பலகையைச் சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கத்தி முனையால் மூன்று வரிசையை நெம்பி எடுத்து, ஒவ்வொரு சில்லையும் விரல் நுனியால் கொஞ்சம் சாய்த்துத் திரும்ப வைத்தார். ஒன்று மேல்நோக்கி, ஒன்று இடப்புறம், ஒன்று லேசாக உள்ளே. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாந்து ஈரமாகத்தானே இருக்கிறது, இதில் என்ன இருக்கிறது என்பதுபோலத் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பழைய கைவினைஞர்கள் அப்படித்தான் செய்தார்கள். இஸ்தான்புல்லில் ஆலயமாகக் கட்டப்பட்ட ஹாகியா சோபியாவில் உயரத்திலுள்ள தங்கச் சில்லுகள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும், கீழே நிற்பவரின் கண்ணுக்கு ஒளி வந்து சேர. தங்கத்தின் நடுவே வெள்ளிச் சில்லுகளையும் கலந்திருக்கிறார்கள். பளபளப்பு மிஞ்சிப்போகும் இடத்தில் தங்கச் சில்லைக் குப்புறத் திருப்பி வைப்பதும் உண்டு. தங்கப் பின்னணியை அவர்கள் வெறும் நிறமாகக் கருதவில்லை, அது ஒளி. சமமாக ஒட்டினால் ஒரே ஒரு இடத்தில் நின்று பார்ப்பவருக்கு மட்டும் கண் கூசும், மற்ற எல்லா இடத்திலிருந்தும் மஞ்சள் பெயின்ட் மாதிரி தெரியும்.

நடுவே ஒயிட் சிமென்ட் அடைப்பது

இது ஊருக்கு வந்த பிறகு. வீட்டில் பாத்ரூம் வேலை நடந்துகொண்டிருந்தது. நான் மொட்டைமாடியில் இரண்டாவது பலகையை முடித்துக் காயவைத்திருந்தேன், ஆசீர்வதிக்கும் கை ஒன்று. டைல்ஸ் ஒட்ட வந்த கொத்தனார் அண்ணன் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

“தம்பி, நடுவுல இவ்ளோ கேப் விட்டா அழுக்கு அடையும். ஒயிட் சிமென்ட் கலக்கி ஒரு இழு இழுத்துடறேன்.”

அன்போடு சொன்னார். நானும் சரி என்றேன். பத்து நிமிஷத்தில் சிவப்பு, நீலம் எல்லாம் வெளுத்துப்போய், ஆரஞ்சு மிட்டாயில் சர்க்கரை ஒட்டிய மாதிரி ஆகிவிட்டது.

பாத்ரூம் டைல்ஸுக்கு அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அங்கே தண்ணீர் இறங்கக்கூடாது. சுவர் மொசைக்கில் சில்லின் முக்கால் பங்கு சாந்துக்குள் புதைந்திருக்கும், அதுவே பிடிமானம். நடுவிலுள்ள நிழல் கோடுதான் ஒவ்வொரு நிறத்தையும் தனியாக நிறுத்துகிறது. அதை அடைத்தால் எல்லா நிறமும் அடைத்த பொருளின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். தங்கச் சில்லின் மேல் மணல் கலந்த கலவையைத் தேய்த்தால் கீறலும் விழும்.

கட்டம் கட்டமாக நிரப்புவது

கம்ப்யூட்டர் திரை பார்த்துப் பழகிய நமக்கு இந்தத் தவறு இயல்பாக வரும். சில்லு என்றால் பிக்சல், நிறம் சரியாக இருந்தால் படம் வந்துவிடும் என்று தோன்றும். வராது. மொசைக்கில் நிறத்துக்குச் சமமாக வேலை செய்வது வரிசையின் ஓட்டம். கன்னத்தில் வரிசைகள் வளைந்து ஓடும், மூக்கில் நீளவாக்கில் இறங்கும், ஆடையில் மடிப்போடு போகும். உருவத்தைச் சுற்றியுள்ள பின்னணியில்கூட முதல் ஒன்றிரண்டு வரிசை உருவத்தின் விளிம்பை அணைத்துக்கொண்டு ஓடும், அதன்பிறகுதான் தன் போக்கில் போகும். அந்த அணைப்பு வரிசை இல்லாவிட்டால் உருவம் சுவரில் வெட்டி ஒட்டிய ஸ்டிக்கராகிவிடும்.

வரிசை ஓட வேண்டுமென்றால் சில்லை அதற்கேற்ப வெட்ட வேண்டும். மரக்கட்டையில் நட்ட, முனை மேலே பார்த்த உளி ஒன்று இருக்கும். நம் அரிவாள்மனை மாதிரி, பொருள்தான் கத்தியிடம் போகும். கண்ணாடித் துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து உளியின் விளிம்பில் வைத்து, நேர் மேலிருந்து சுத்தியலை விடவேண்டும். ஓங்கி அடிக்கக்கூடாது, விழவிட வேண்டும். நிறக் கண்ணாடி அடை மாதிரி வட்டமாக ஊற்றப்பட்டு வரும். பார்வைக்கு வைப்பது அந்த அடையின் மேல்பக்கத்தை அல்ல, வெட்டுப்பட்ட உள்பக்கத்தை. அங்கேதான் கண்ணாடி உயிரோடு இருக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இதில் உட்காராதீர்கள், தெறிக்கும் தூள் கண்ணில் பட்டால் விளையாட்டில்லை.

மூக்கைச் சுவரில் உரசிக்கொண்டு வேலை செய்வது

சாரத்தில் நிற்பவருக்குச் சில்லு அரை அடி தூரத்தில். தரையில் நின்று தொழுபவருக்கு அதுவே ஐம்பது, அறுபது அடியில். கிட்டே பார்த்து அழகாக இருக்க வேண்டுமென்று கண் இமைக்கு முடி முடியாக வைத்தால், கீழிருந்து அது அழுக்காகத்தான் தெரியும். பைசாந்திய முகங்களை நெருங்கிப் பார்த்தால் தாடையோரம் ஆலிவ் பச்சை ஓடும். என்னடா இது, முகத்தில் பச்சை என்று திகைப்பீர்கள். பத்தடி பின்னால் போனால் அது தோலின் நிழல். வளைந்த முகட்டில் உடல் குட்டையாகத் தெரியும் என்பதால் கால்களை நீட்டிப் போடுவதும் இதே கணக்குத்தான். அடிக்கடி இறங்கிவந்து பார்க்க வேண்டும். இறங்கச் சோம்பலாக இருந்தால் போனில் படம் எடுத்து நகத்தளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள், பாதித் தவறு தெரிந்துவிடும்.

கண்ணாடி பிம்பத்தை மறப்பது

இனி அந்த இடக்கைக் கதை. மொசைக் ஒட்ட இரண்டு வழி. ஈரச் சாந்தில் நேரடியாகப் பதிப்பது பழைய வழி. அன்று முடிக்கக்கூடிய அளவுக்குத்தான் சாந்து பூசுவார்கள், காய்ந்தால் சில்லு பிடிக்காது. இன்னொன்று, பட்டறையிலேயே தாளின் மேல் சில்லுகளை முகம் கீழாகப் பசை போட்டு ஒட்டி, முடிந்ததும் சுவருக்குக் கொண்டுபோய் முதுகுப்பக்கத்தைச் சாந்தில் பதித்து, தாளை நனைத்து உரிப்பது. இரண்டாவதைக் குறைவாக நினைக்க வேண்டாம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1883 முதல் 1907 வரை கட்டிய ‘சிந்திய இரத்தத்தின் மீட்பர்’ ஆலயத்தில் 7,000 சதுர மீட்டருக்கு மேல் மொசைக் இருக்கிறது, ஃப்ரோலோவ் பட்டறை அதற்கு இந்த வழியைத்தான் பிடித்தது. பெல்கிரேடின் புனித சாவா ஆலயக் குவிமாடத்தின் விண்ணேற்றக் காட்சியை ரஷ்ய ஓவியர் நிகோலாய் முஹின் குழு மாஸ்கோவில் பகுதி பகுதியாகச் செய்து கொண்டுவந்து ஏற்றியது, எடை சுமார் 40 டன்.

தாள் வழியில் எல்லாம் இடவலம் மாறும். முதலில் படத்தைத் திருப்பி வரைந்துகொள்ள வேண்டும். நான் வரையவில்லை. தாளை உரித்தபோது கிறிஸ்து இடக்கையால் ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். திருநீறு வாங்கக்கூட இடக்கையை நீட்டாத ஊரில் பிறந்தவன் நான். பார்த்ததும் உடம்பு கூசியது. அந்த மரபிலும் ஆசீர்வாதம் வலக்கையால்தான். விரல்களின் வளைவுக்கும் அர்த்தம் உண்டு. நீட்டிய விரலும் வளைந்த விரலும் குறுக்கே வைத்த கட்டைவிரலுமாகச் சேர்ந்து, இயேசு, கிறிஸ்து என்ற இரண்டு கிரேக்கப் பெயர்களின் முதல், கடைசி எழுத்துகளைக் காட்டும். இடவலம் மாறினால் கை மட்டுமல்ல, எழுத்தும் தலைகீழாகிவிடும்.

பெயரை அலங்காரம் என்று நினைப்பது

முகம் முடிந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். ஆர்த்தடாக்ஸ் மரபில் பெயர் எழுதாத திருவுருவம் முழுமையடையவில்லை. தேவதாய்க்கு அருகே ‘தேவனின் தாய்’ என்பதன் சுருக்கம் நான்கு எழுத்துகளில் இருக்கும். கிறிஸ்துவின் ஒளிவட்டத்துக்குள் சிலுவை, அதன் மூன்று கைகளில் மூன்று கிரேக்க எழுத்துகள்: ‘ஓ ஓன்’, அதாவது இருக்கிறவர். எரியும் முட்செடியிலிருந்து மோசேக்குக் கேட்டதாக நம் தமிழ் பைபிளில் ‘இருக்கிறவராக இருக்கிறேன்’ என்று வருமே, அதே பெயர். இதை எழுத்து அலங்காரமாகப் பாவித்து வளைத்து நெளித்தால், படிக்க முடியாத பெயர்ப்பலகை மாட்டிய மாதிரிதான்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் நூறாண்டுக்கும் மேலாக, படமே கூடாது என்பவர்களும் வேண்டும் என்பவர்களும் மோதினார்கள். 787-இல் நைசியாவில் கூடிய சங்கம், படத்துக்குச் செய்யும் மரியாதை படத்தில் உள்ளவரைச் சென்று சேர்கிறது என்றது. 843-இல்தான் சண்டை அடங்கியது. 867-இல் ஹாகியா சோபியாவின் பீட முகட்டில் தேவதாயின் திருவுருவம் திறக்கப்பட்டபோது அந்நகரின் தலைமை ஆயரான பிதாப்பிதா ஃபோட்டியஸே நின்று பிரசங்கம் செய்தார். அதே காரணத்தால் சொந்தக் கற்பனைக்கும் எல்லை உண்டு. கிறிஸ்துவை ஆட்டுக்குட்டியாகக் காட்டாமல் மனித உருவில் காட்டுங்கள் என்று மேலே சொன்ன 692 சங்கம் சொல்லிவிட்டது. பிதாவாகிய கடவுளைத் தாடி வைத்த கிழவராக வரைவதை 1666-67 மாஸ்கோ சங்கம் கண்டித்தது, அப்படியும் வரைந்தவர்கள் இருக்கிறார்கள். தெரிந்த ஒருவரின் முகத்தை மாடலாக வைத்துப் புனிதரைச் செய்வது எனக்குத் தெரிந்து மிக மோசமான யோசனை. பத்து வருடம் கழித்து ஊரே அவர் பெயரைத்தான் சொல்லும்.

அனுபவத்துக்காகக் காத்திருப்பது

‘தியானம் மாதிரி இருக்குமாமே’ என்று கேட்பவர்கள் நிறைய. இரண்டு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும், விரலில் சின்னச் சின்ன வெட்டு, மனசு டீக்கடைக்குப் போய்விடும். இதுதான் நடக்கும். ஏதோ ஒளி தெரியும், கண்ணீர் வரும் என்று உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். அதைவிட ஆபத்து, வராத கண்ணீரை வந்ததாக நினைத்துக்கொள்வது. திருவுருவம் செய்பவர்களிடம் அந்தச் சபை கேட்பது வேறு. குருவின் ஆசி, நோன்பு, ஜெபம். 1551-இல் மாஸ்கோவில் கூடிய ஸ்தோக்லாவ் சங்கம் ஓவியருக்கு ஒரு பட்டியலே போட்டது: பணிவு வேண்டும், வெட்டிப்பேச்சு கூடாது, பொறாமை கூடாது, குடி கூடாது. கைத்திறனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இவ்வளவு.

வேலைக்கிடையில் ‘ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்’ என்ற ஒற்றை வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வது அந்த மரபில் பழக்கம். மனசு டீக்கடைக்குப் போனால் வரி அறுந்துபோகும், கவனித்ததும் திரும்பப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். என் அனுபவத்தில் வரி அறுந்த நேரத்தில்தான் கண்ணாடி கோணலாக உடையும். மூலையில் கொட்டையாகக் கையெழுத்துப் போடும் ஆசையும் வரும். பழைய ஆலயங்களில் பெரும்பாலான வேலைகளுக்குச் செய்தவர் பெயர் இல்லை.

கடைசியாக, விளக்கு

எல்லாம் சரியாகச் செய்துவிட்டு நேருக்கு நேர் போகஸ் லைட் போடுவது. நகராத வெளிச்சத்தில் சாய்த்து வைத்த சில்லுக்கு வேலையே இல்லை.

ராவென்னாவிலிருந்து கொண்டுவந்த முதல் பலகையை ஹால் அலமாரியில் நிறுத்தியிருந்தேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் அதன் இரண்டு பாதிக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை, ஆசிரியை என் வேலையை வீணாகக் கலைத்தார் என்றுகூட நினைத்ததுண்டு. ஒருநாள் ராத்திரி கரண்ட் போயிற்று. மெழுகுவர்த்தியை ஏந்திக்கொண்டு சமையலறைக்குப் போகும் வழியில் பலகையைக் கடந்தேன். நான் ஒட்டிய மூன்று வரிசை ஒருமுறை பளிச்சென்று அடித்து அணைந்தது. அவர் சாய்த்து வைத்த மூன்று வரிசையில் ஒரு பொறி மாற்றி ஒரு பொறி எழும்பி, நான் நடக்க நடக்கக் கூடவே வந்தது. கரண்ட் வரும்வரை நாலைந்து முறை அந்த வழியாகவே போய் வந்தேன்.